பலூன் கப்பலும் பாக்கெட் காரும்: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் ஊருக்குள் பொதுப் போக்குவரத்து

காலையில் டிராமில் வேலைக்கு வந்த ஒருவர், மாலையில் ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து எடுத்ததுபோல ஒரு காரை ரோட்டோரம் வரவழைத்து, அதில் ஏறிப் போய்விடுகிறார். அவருக்குப் பின்னால் வந்த பெண்மணி அதேபோல ஒரு சைக்கிளை எடுக்கிறார். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேமின் ஊரில் யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆடுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பாக்கெட் கார்'. நேரக் கணக்கும் அப்படித்தான். ஒரு பஸ் தன் லைனை ஒரு சுற்று முடிப்பதற்குள் காலண்டரில் வாரங்கள் ஓடிவிடும். வானத்தில் பகலும் இரவும் மாறுவது தனிக் கணக்கு, தேதி ஓடுவது தனிக் கணக்கு. ஒருவர் வீட்டை விட்டு ஆபீஸ் போய்ச் சேர ஒரு வாரம் ஆனாலும் அந்த ஊரில் அது தாமதம் ஆகாது. மேலே பலூன் கப்பல் மிதக்கிறது, கீழே ஆறு வழிச்சாலைக்கு நடுவில் மோனோரயில் ஓடுகிறது, எல்லாவற்றையும் பற்றி ஒரு நீலக் குருவி ட்வீட் போட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த விளையாட்டுத்தனத்துக்கு அடியில் கெட்டியான ஒரு போக்குவரத்துக் கணக்கு ஓடுகிறது. பின்லாந்தின் தாம்பெரே நகரிலுள்ள கொலோசல் ஆர்டர் என்ற நிறுவனம், 2015 மார்ச்சில் இந்த கேம் வெளிவரும் முன் செய்தவை 2011-லும் 2013-லும் வந்த சிட்டீஸ் இன் மோஷன் கேம்கள். அவற்றில் ஊர் கட்டுவது முக்கியமே இல்லை, பஸ்ஸும் டிராமும் ஓட்டுவதுதான் வேலை. அந்தக் கைப்பழக்கம் இதிலும் தெரிகிறது. பெயருக்கு இது ஊர் கட்டும் கேம். ஆட்டம் சில மணி நேரம் போனதும், ஆட்களை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும்.

எந்த வண்டி எந்தப் பெட்டியில் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடையில் பார்த்தால் டி.எல்.சி, அதாவது கேமோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் தொகுப்புகளின் வரிசை நீளமாக இருக்கும், எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. அடிப்படை கேமிலேயே பஸ், மெட்ரோ, ரயில், கப்பல், விமானம் உண்டு. 2015-ல் வந்த ஆஃப்டர் டார்க்கில் டாக்ஸி, சைக்கிள் பாதை, பஸ் லேன் போட்ட சாலை, பஸ் நிலையம் ஆகியவை வரும். 2016-ன் ஸ்னோஃபாலில் டிராம். 2017-ன் மாஸ் டிரான்சிட்டில் மோனோரயில், ரோப் கார், ஃபெர்ரி, பலூன் கப்பல். 2020-ன் சன்செட் ஹார்பரில் டிராலிபஸ், பயணிகள் ஹெலிகாப்டர், வெளியூர் பஸ். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மாஸ் டிரான்சிட். இரண்டாவதாக ஆஃப்டர் டார்க், பஸ் லேனுக்காகவே. ஸ்னோஃபாலில் பனி ஊரும் வெப்பமூட்டும் குழாயும் பெரிதாக ஈர்க்கவில்லை என்றால், டிராமுக்காக மட்டும் அதைத் தள்ளுபடி விலையில் எடுக்கலாம். இவை ஸ்டீம் என்ற இணையக் கடையில் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும், முழு விலை கொடுக்க அவசரமே இல்லை.

ஆட்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் லைன் போடுவது வீண். ஊர்வாசி ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நொடியிலேயே முழுப் பாதையையும் தீர்மானித்துவிடுகிறார்: இவ்வளவு தூரம் நடை, இந்த ஸ்டாப்பில் பஸ், அங்கே இறங்கி மெட்ரோ, மறுபடி நடை. கணக்கில் அவர் பார்ப்பது நேரத்தைத்தான். ஸ்டாப்பில் ஏற்கெனவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இருநூறு பேர் நின்றாலும் இருநூற்றொன்றாவதாகப் போய் நிற்பார். பொறுமை தீர்ந்தால்தான் வேறு வழி தேடுவார்.

இதனால் இரண்டு விஷயங்கள் தலைகீழாகின்றன. முதலாவது, இவர்களுக்கு வண்டி மாறுவது ஒரு பொருட்டே இல்லை. மூன்று வண்டி மாறி ஏறச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், மொத்த நேரம் குறைந்தால் போதும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரே பஸ் என்று நீட்டி லைன் போட வேண்டிய அவசியம் இல்லை. சின்னச் சின்ன லைன்களைப் போட்டு அவற்றை நல்ல சந்திப்புகளில் கோர்ப்பதுதான் இந்த ஊருக்கு ஏற்றது. இரண்டாவது, கூட்டம் தானாகப் பிரியாது. ஒரு லைன் மற்றதைவிட வேகமானது என்றால் எல்லோரும் அதிலேதான் விழுவார்கள். பக்கத்துத் தெருவில் காலி பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும் அதே லைனில் வண்டியைக் கூட்டுவதைவிட, அதே வேகத்தில் போகும் இன்னொரு பாதையைக் கொடுத்துப் பாருங்கள். பாரம் பாதியாகும்.

இதை நேரில் பார்க்க ஒரு மெட்ரோ வாசலில் கேமராவை இறக்கினால் போதும். நடைபாதை முழுக்கச் சிவப்பு, பச்சை, மஞ்சள் சட்டைகள். கூட்டம் வாசலை விட்டு வழிந்து, பக்கத்துக் கடையின் முகப்பையும் மறைத்து நிற்கும். வண்டி வந்து நின்றதும் நூற்றெண்பது பேர் ஒரே மூச்சில் காணாமல் போவார்கள். அடுத்த சில நொடிகளுக்கு நடைபாதை துடைத்து வைத்ததுபோல இருக்கும், பிறகு தெருமுனையிலிருந்து மறுபடி ஒவ்வொருவராக வந்து நிற்கத் தொடங்குவார்கள். அந்த வெற்று இடைவெளி உங்களுக்குத் தெரிந்தால் அந்த ஸ்டேஷன் நலம். ஒரு வண்டி போன பிறகும் நடைபாதை நிறைந்தே இருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

பஸ்: மலிவு, ஆனால் கவனம் வேண்டும்

ஒரு பஸ்ஸில் 30 பேர். ஆறு பஸ் ஓடும் லைனில் மொத்த இருக்கை 180, அதாவது ஒரே ஒரு மெட்ரோ வண்டி அளவு. பஸ்ஸை முதுகெலும்பாக வைத்து ஊர் கட்டினால் எங்கே போய் முட்டும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். பஸ்ஸின் வேலை, தெருக்களில் சிதறியிருப்பவர்களைத் திரட்டி மெட்ரோ வாசலில் கொண்டுவந்து விடுவது.

லைன் போடும் முறை எளிது, தவறும் இடங்கள் சில. முதலில் ஒரு டிப்போ வேண்டும், சாலையோடு ஒட்டி, மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடத்தில். பிறகு லைன் கருவியை எடுத்து, முதல் ஸ்டாப் வைக்கும் சாலையின் ஓரத்தில் சொடுக்குங்கள். எந்தப் பக்கம் சொடுக்குகிறீர்களோ அந்தப் பக்கத்து நடைபாதையில்தான் ஸ்டாப் விழும், அந்தத் திசையில் போகும் பஸ்தான் அங்கே நிற்கும். வரிசையாக ஸ்டாப்களை வைத்துப் போய், திரும்பும் வழியில் எதிர்ப்பக்க ஓரத்திலும் வைத்து, கடைசியில் முதல் ஸ்டாப்பின் மேலேயே சொடுக்கி வளையத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் லைன் பட்டியலில் இருக்கும், பஸ் ஒன்றுகூட வராது. புதிதாக ஆடுகிறவர்கள் 'டிப்போ இருக்கிறது, லைன் இருக்கிறது, பஸ் எங்கே?' என்று தேடுவதில் பாதி இதனால்தான். ஸ்டாப்பை இடம் மாற்ற அதைப் பிடித்து இழுக்கலாம். நடுவில் புதிய ஸ்டாப் வேண்டுமென்றால் கோட்டைப் பிடித்து இழுத்தால் போதும். நீக்க, அதன் மேல் வலப்பக்கச் சொடுக்கு.

நம் பழக்கத்துக்கு இடப்பக்கம் ஓட்டும் ஊர் வேண்டும் என்றால், புதிய ஊர் தொடங்கும் திரையிலேயே அந்தத் தேர்வைப் போட்டுவிடுங்கள். பிறகு கேமுக்குள் மாற்ற வழியில்லை.

ஸ்டாப்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? இந்த ஊரின் அளவுகோல் 8 மீட்டர் கட்டம். வாங்கும் நிலத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 1.92 கிலோமீட்டர், அதாவது 240 கட்டம். பஸ்ஸுக்கு 30 முதல் 40 கட்டம், ஏறக்குறைய 240 முதல் 320 மீட்டர், சரியாக வரும். மெட்ரோவுக்கு 80 முதல் 100 கட்டம் விடலாம். இதைவிட நெருக்கினால் பஸ் நின்று நின்று போய் நேரக் கணக்கில் தோற்கும், ஆட்கள் காரை எடுத்துவிடுவார்கள்.

ஒரே திசையில் சுற்றும் பெரிய வளையம் பார்க்க அழகு, உட்கார்ந்து போகிறவருக்குத் தண்டனை. ஒரு ஸ்டாப் பின்னால் போக வேண்டியவர் ஊரையே சுற்றி வர வேண்டும். வளையம்தான் வேண்டுமென்றால் எதிர்த்திசையில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு லைனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்டாப் போதும். அதற்கு மேல் போனால் ஓரிடத்தில் நெரிசல் என்றால் மொத்த லைனும் படுத்துவிடும்.

வந்தால் மூன்று பஸ் சேர்ந்து வரும், வராவிட்டால் ஒன்றும் வராது என்ற புலம்பல் இந்த ஊரிலும் உண்டு. லைன் திறந்ததும் டிப்போ வண்டிகளை அடுத்தடுத்து அனுப்பிவிடுகிறது. முன்னால் போகும் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டத்தை ஏற்றுவதால் தாமதமாகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை, அது வேகமாக வந்து முன்னதன் வாலைப் பிடித்துக்கொள்கிறது. மோட் (ஆடுகிறவர்களே செய்து பகிரும் திருத்தம்) போட்டு ஆடுகிறவர்களுக்கு 'இம்ப்ரூவ்டு பப்ளிக் டிரான்ஸ்போர்ட் 2' உண்டு. அதில் குறிப்பிட்ட ஸ்டாப்களில் வண்டி இடைவெளிக்காகக் காத்திருக்கும்படி அமைக்கலாம், எந்த டிப்போவிலிருந்து வண்டி வரவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம். காத்திருக்கும் ஸ்டாப்பாக லைனின் கோடியிலுள்ள, சாலை காலியான ஸ்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். நடுவூரில் வைத்தால் நிற்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே நிற்கும்.

ஒரு லைனில் எத்தனை வண்டி என்பது அதன் நீளத்தையும் பட்ஜெட்டையும் பொறுத்தது. பொதுவான போக்குவரத்து பட்ஜெட்டை 50 முதல் 150 சதவீதம் வரை நகர்த்தலாம். ஆனால் அது எல்லா லைனையும் சேர்த்து ஏற்றிவிடும். தனி லைனின் பலகையில் வண்டி எண்ணிக்கைக்கென்று இருக்கும் தண்டை நகர்த்துவதே சிக்கனம். அதே பலகையில் அந்த வாரத்துப் பயணிகள் எத்தனை பேர், அதில் ஊர்வாசிகள் யார், சுற்றுலாப் பயணிகள் யார், கார் பயணம் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதும் இருக்கும். வருமானத்தைப் பார்த்து லைனை மூடாதீர்கள், இந்த மிச்சத்தைப் பாருங்கள். நஷ்டத்தில் ஓடும் ஒரு பஸ் லைன், குப்பை லாரியும் ஆம்புலன்ஸும் போக வழிவிட்டுக்கொண்டிருக்கலாம்.

டிராம், மெட்ரோ, மோனோரயில்

டிராமில் 90 பேர். மூன்று பஸ்ஸுக்குச் சமம், சாலையில் அடைக்கும் இடமும் மூன்று பஸ்ஸைவிடக் குறைவு. நடுத்தர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. இதில் விழும் குழி ஒன்றே ஒன்று: டிப்போ தண்டவாளத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். டிப்போ வாசலிலுள்ள சாலை சாதாரணச் சாலையாக இருந்தால் உள்ளே இருக்கும் டிராம் உள்ளேயேதான் இருக்கும். டிப்போவிலிருந்து லைன் வரை ஒவ்வொரு துண்டும் தண்டவாளம் பதித்த சாலைதானா என்று ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடுங்கள். ஒரு சின்னச் சந்திப்பை மேம்படுத்தும்போது தண்டவாளம் இல்லாத சாலையை மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும்.

மெட்ரோவில் 180 பேர், டிப்போ வேண்டாம், வண்டி ஸ்டேஷனிலேயே பிறக்கும். நிலத்தை அடைக்காமல் கீழே போவதால் ஏற்கெனவே கட்டி முடித்த ஊரில் பின்னர் நுழைக்க இதுதான் சுலபம். மோனோரயிலும் 180, அதற்கும் டிப்போ வேண்டாம். சாலையின் மேலேயே ஓடும் வகை உண்டு, சாலைக்கு மேல் உட்காரும் ஸ்டேஷனும் உண்டு. கொள்ளளவில் இரண்டும் ஒன்று. பார்க்கும் சுகத்துக்கு மோனோரயில், அமைதிக்கு மெட்ரோ.

இரண்டிலும் பொதுவான தவறு, ஒரே தண்டவாளத்தில் மூன்று நான்கு லைன்களை ஏற்றுவது. வரைபடத்தில் பளிச்சென்று இருக்கும். ஓடும்போது ஒரு வண்டி பிளாட்பாரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்க, பின்னால் மூன்று வண்டிகள் சுரங்கத்தில் வரிசை கட்டும். கூட்டத்தைக் கண்டு நீங்கள் பட்ஜெட்டை ஏற்ற, வரிசை இன்னும் நீளும். ஒரு தண்டவாளத்துக்கு ஒரு லைன், சந்திக்கும் இடத்தில் தனித்தனி ஸ்டேஷனை அருகருகே வைத்து நடக்க விடுங்கள். நடப்பதற்கு அலுக்காத மக்கள் இவர்கள். இரண்டு சுரங்கம் ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டால் அது சந்திப்பாக மாறி, ஒன்றுக்காக இன்னொன்று காத்து நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்டேஷன் வாசலை நாலு முனைச் சந்திப்பில் வைக்காதீர்கள். இறங்கும் கூட்டம் அலையலையாகச் சாலையைக் கடக்க, கூட்டத்தை ஏற்ற வரும் பஸ்ஸே திரும்ப முடியாமல் நிற்கும். நடைமேம்பாலம் ஒன்றைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துவிட்டால் போதும். அதற்கு அதிகச் செலவில்லை, பலன் உடனே தெரியும்.

ரயிலைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பயணிகள் ரயிலில் 240 பேர் போகலாம். ஆனால் ஸ்டேஷன் வெளியூர்த் தண்டவாளத்தோடு சேர்ந்ததும் வெளியூர் ரயில்கள் தானாக வரத் தொடங்கும், பல நேரம் விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு. சரக்கு ரயிலும் அதே பாதையில் வந்தால் ஊருக்குள் ஓடும் உங்கள் ரயில் நகரவே நகராது. ஊர் எல்லையில் ஒரு ஸ்டேஷனை மட்டும் வெளியூருக்கென்று ஒதுக்குங்கள். மற்றவற்றின் பலகையில் வெளியூர் ரயில் அனுமதியை எடுத்துவிடுங்கள். உள்ளூர்ப் பாதையை வெளிப் பாதையோடு சேர்க்கவே வேண்டாம். வண்டி ஸ்டேஷனில் பிறப்பதால் தனித் தீவாக இருந்தாலும் ஓடும். சரக்குக்கும் தனிப் பாதை.

மிதப்பவையும் தொங்குபவையும்

இந்த ஊரை வேறு ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது மாஸ் டிரான்சிட் கொண்டுவந்த ஃபெர்ரி, ரோப் கார், பலூன் கப்பல் மூன்றும்தான். மூன்றில் ஃபெர்ரிக்குத்தான் முதல் இடம். ஒரு படகில் 50 பேர். ஆறு ஊரை இரண்டாகப் பிளந்திருந்தால் பாலத்தை நம்பி எல்லாச் சாலையும் ஒரே இடத்தில் வந்து குவியும். படகுத்துறை இரண்டும் ஒரு படகு டிப்போவும் போதும், கரையிலிருந்து கரைக்கு நேர்க்கோடு. நீர்ப்பாதையைச் சாலை போடுவதுபோலத் தண்ணீரின் மேல் வரைய வேண்டும். டிப்போ, துறை, பாதை மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். பாதை துறையின் முனையில் ஒட்டாமல் ஓரிரு அடி தள்ளி நின்றுவிட்டால் லைன் கருவி அந்தத் துறையை எடுத்துக்கொள்ளாது. படகும் பஸ்ஸும் ஒரே கட்டடத்தில் சந்திக்கும் நிலையம் ஒன்று இதே டி.எல்.சியில் உண்டு. தனித் துறை வைத்துப் பக்கத்தில் பஸ் ஸ்டாப் வைப்பதைவிட அதுவே மேல்.

ரோப் காரில் 30 பேர். இதற்கு லைன் வரையத் தேவையில்லை. இரு கோடியிலும் முனை ஸ்டேஷன், நடுவில் வேண்டுமானால் இடை ஸ்டேஷன், கம்பத்தோடு கூடிய கயிற்றுப் பாதையால் இணைத்தால் பெட்டிகள் தானாக ஓடத் தொடங்கும். தட்டையான ஊரில் இது வெறும் அலங்காரம். மலைமேல் வீடுகளும் அடிவாரத்தில் வேலையும் இருந்து, சாலை வளைந்து வளைந்து ஏறினால் கதை வேறு. நேரக் கணக்கில் நேர்க்கோடு ஜெயித்துவிடும், பெட்டிகள் நிரம்பியே போகும். முனை ஸ்டேஷன் வைக்க வேண்டிய இடத்தில் இடை ஸ்டேஷனை வைத்துவிட்டு ஓடவில்லையே என்று தேடுவது வழக்கமான தவறு.

பலூன் கப்பலில் 35 பேர். விலைக்கும் வேகத்துக்கும் கொள்ளளவுக்கும் சேர்த்துப் பார்த்தால் இது போக்குவரத்தே அல்ல, கண்காட்சி. ஆகாயப் பாதையை வரைய வேண்டும், நிறுத்தம் வைக்க வேண்டும், டிப்போ வைக்க வேண்டும், எல்லாவற்றையும் பாதையால் கோர்க்க வேண்டும். இத்தனையும் செய்தால் ஒரு பஸ்ஸைவிட ஐந்து பேர் கூடுதலாக ஏறுவார்கள். ஆனாலும் சாலையில்லாத தீவு ஒன்றிருந்து, இடையில் மேடும் பள்ளமும் தண்ணீரும் கலந்து கிடந்தால், எதையும் இடிக்காமல் போக இது ஒன்றே வழி. கீழே எவ்வளவு நெரிசல் இருந்தாலும் பலூனுக்கு அது தெரியாது. சுற்றுலாப் பகுதிக்கும் பூங்காவுக்கும் இடையில் ஒரு லைன் போட்டு, அதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது உத்தமம்.

டாக்ஸி வேண்டாம். ஏற்றுவது ஓரிருவரை, அடைப்பது ஒரு கார் இடத்தை. விமான நிலையம், துறைமுகம் இரண்டுக்கும் ஒரே சொல்: பக்கத்தில் பஸ் ஸ்டாப் மட்டும் வைத்துவிட்டு நகராதீர்கள். ஒரு பயணிகள் கப்பலில் 100 பேர் வந்து இறங்குவார்கள், 30 பேர் பஸ்ஸுக்கு அது நாலு நடை. மெட்ரோ வாசல் வேண்டும்.

எங்கே இந்த ஊர் ஏமாற்றுகிறது

கேமுக்குள் ஒரே நேரத்தில் நடமாடக்கூடிய ஆட்களுக்கு உச்சவரம்பு 65,536. ஓடும் வண்டிகளுக்கு 16,384. போக்குவரத்து லைன்களுக்கு 256. சின்ன ஊரில் இவை தெரியவே தெரியாது. ஊர் பெருத்து மக்கள்தொகை லட்சங்களில் போகும்போது, எண் ஏறும், தெருவில் ஆள் ஏறாது. புதிதாகத் திறந்த மெட்ரோ காலியாக ஓடினால் உங்கள் பாதையில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை, கிளம்ப வேண்டியவருக்கு ஊரில் இடமில்லாமல் இருக்கலாம். பெரிய ஊருக்குக் கோடு போடும் முன் இதை நினைவில் வைத்தால் வீண் செலவு மிச்சம்.

நெரிசலில் வெகுநேரம் நகராமல் நிற்கும் வண்டியை கேம் சத்தமில்லாமல் மறையச் செய்துவிடுவதும் உண்டு. புதிதாக ஆடுகிறவருக்கு அது உதவி. தன் ஊர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு அது பொய்க்கணக்கு. 'டிராஃபிக் மேனேஜர்: பிரெசிடென்ட் எடிஷன்' என்ற மோட் போட்டால் இந்த மறைவை நிறுத்தலாம், சந்திப்பில் எந்த லேன் எங்கே போக வேண்டும் என்று வரையலாம். அதே மோடில் வண்டி நிறுத்தும் பழக்கத்தைத் திருத்தும் பகுதி ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் பாக்கெட் கார் மாயம் ஒழியும், காரை விட்ட இடத்துக்கு நடந்து போய்த்தான் எடுக்க வேண்டும். உடனே தெரியும் மாற்றம், பஸ்ஸில் ஆள் கூடுவது. மாயம் போய்விட்டதே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் இதைப் போடும் முன் சேவ் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்; முதல் சில நிமிடங்களுக்குச் சாலை ஓரமெல்லாம் குழம்பிப் போகும்.

மோட்களும் கட்டட மாதிரிகளும் ஏற ஏற நினைவகத்தை விழுங்கும். அவற்றோடு ஆட 16 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. கன்சோலில் மோட்களை இறக்கும் இடமான ஸ்டீம் ஒர்க்‌ஷாப் கிடையாது, ஆகவே மேலே சொன்ன திருத்தங்களும் கிடையாது. அங்கே ஆடுகிறவர்கள் பஸ்ஸைக் குறைத்து, தனிப்பாதையில் ஓடும் மெட்ரோவையும் மோனோரயிலையும் நம்புவதே நல்லது.

கட்டியதில் ஏறிப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஓடும் வண்டியையோ நடக்கும் ஆளையோ சொடுக்கி, திறக்கும் பலகையிலுள்ள இடக்குறியை அழுத்தினால் கேமரா அதன் பின்னாலேயே போகும். ஃபர்ஸ்ட் பெர்சன் கேமரா என்ற மோட் இருந்தால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்ததுபோலப் போகலாம். அழகுக்கு மட்டும் அல்ல, பரிசோதனைக்கும் இதுதான் சிறந்த கருவி. வீட்டு வாசலில் ஒருவரைப் பிடித்து, அவர் வேலைக்குப் போய்ச் சேரும்வரை விடாமல் தொடருங்கள். எந்தச் சந்திப்பில் அவருடைய பஸ் இரண்டு சிக்னலுக்கு நின்றது, எந்த ஸ்டாப்பில் ஏற முடியாமல் மூன்று வண்டியை விட்டார், எங்கே மேம்பாலம் இல்லாமல் நீளமாகச் சுற்றி நடந்தார் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இப்படித் தெரியாது. பலூன் கப்பலில் ஏறும்போது மட்டும் வேகத்தை மூன்றுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றில் வைத்துவிட்டு டீ போடப் போனால், திரும்பி வரும்போதும் அதே கூரைக்கு மேல்தான் மிதந்துகொண்டிருக்கும்.

2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தது. சாலை போடும் கருவிகள் அதில் கை தேர்ந்தவை, பஸ்ஸும் டிராமும் மெட்ரோவும் உண்டு. மோனோரயில், ரோப் கார், ஃபெர்ரி, பலூன் கப்பல் நான்கும் வெளிவந்தபோது அதில் இல்லை. ஆகவே புதியதை வாங்கும் முன் இவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவை நான்கும் வேண்டுமென்றால் 2015-ன் கேமோடு மாஸ் டிரான்சிட்டைச் சேர்த்து வாங்குங்கள்.